கங்குக்கு ஆங்கிலத்தில் எம்பர்

ஆங்கிலத்தில் நெருப்பைக் குறிக்கும் சொற்கள் பல இருந்தாலும், நம் மாணவர்கள் அதிகமாகத் தடுமாறும் சொல் எம்பர் என்பதுதான். சிலர் அதைச் சாம்பல் என்று மொழிபெயர்க்கிறார்கள். சிலர் தீப்பொறி என்கிறார்கள். பெரும்பாலோர் நெருப்பு என்று பொதுவாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். மூன்றுமே பிழை. காரைக்குடிப் பக்கத்தில் நெடுங்காலமாக ஆங்கிலம் கற்பித்துவரும் எனக்கு இந்தப் பிழை ஒவ்வோர் ஆண்டும் வருத்தம் தருகிறது. அகராதியே இல்லாமல் நம் பிள்ளைகளுக்கு விளங்கியிருக்க வேண்டிய சொல் இது. கங்கு, தணல், கனல் என்று இதற்கு நேரான சொற்கள் நம் பேச்சிலும் எழுத்திலும் உயிரோடு இருக்கின்றன. எனவே இந்தச் சொல்லைக் கற்க விரும்புகிறவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன் தம் வீட்டு அடுப்படியை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் முகப்பையும் வளவையும் இரண்டாம் கட்டையும் கடந்து பின்பக்கம் போனால் அடுப்படி வரும். இன்று அங்கே எரிவாயு அடுப்பு இருந்தாலும், பல வீடுகளில் விறகடுப்பு ஒன்றை ஓரமாக விட்டுவைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் என் அப்பத்தா அந்த அடுப்பைப் பார்த்துவரச் சொல்லி எங்களில் ஒருவரை அனுப்புவார்கள். “கங்கு கெடக்கான்னு பாரு ஆத்தா, சாம்பிராணி போடணும்” என்பார்கள். போய்ப் பார்த்தால் சுவாலை எதுவும் இருக்காது. சிரட்டைத் துண்டுகள் கறுத்து, விளிம்பில் வெள்ளைச் சாம்பல் மெல்லிய தோல்போலப் படர்ந்து, அணைந்துவிட்டவைபோலவே கிடக்கும். குனிந்து ஓர் ஊது ஊதினால் சாம்பல் பறந்து, உள்ளேயிருந்து ஒரு சிவப்பு எழுந்து துண்டு முழுவதும் பரவி, ஊதுவதை நிறுத்தியதும் மெல்ல மங்கும். அதை இடுக்கியால் எடுத்துத் தூபக்காலில் போட்டு, மேலே சாம்பிராணித் தூளைத் தூவியதும் வீடெங்கும் புகை சூழும். அந்தச் சிரட்டைத் துண்டுதான் எம்பர். சுவாலை போன பிறகும் சாம்பலாகிவிடாமல், உள்ளே சூட்டையும் ஒளியையும் வைத்துக்கொண்டிருக்கும் விறகு அல்லது கரியின் துண்டு என்பதே அதன் முழுப் பொருள்.

இந்தப் பொருளை மனத்தில் நிறுத்துவதற்கு, எம்பரை ஒரு பொருளின் பெயராக எண்ணுவதைவிட நெருப்பின் வாழ்நாளில் ஒரு பருவமாக எண்ணுவது நல்லது. முதலில் தெறிப்பது பொறி; அதற்கு ஆங்கிலத்தில் ஸ்பார்க். அது பற்றிக்கொண்டு நாக்கு நீட்டி எரிவது சுவாலை, அதற்கு ஃபிளேம். சுவாலை அடங்கியதும் எஞ்சும் செந்துண்டுகள் எம்பர்ஸ். அவையும் எரிந்து தீர்ந்தபின் மிஞ்சுவது ஆஷ், அதாவது சாம்பல். இந்த நான்கையும் வரிசையாக நினைத்துக்கொண்டால், எம்பரைச் சாம்பல் என்று எழுதுவது ஒரு பருவத்தைத் தாண்டிப் போவது என்பதும், பொறி என்று எழுதுவது இரண்டு பருவம் பின்னோக்கிப் போவது என்பதும் தாமே விளங்கும்.

இதற்குப் பின்னால் உள்ள இயற்பியல் சொல்லின் பொருளை இன்னும் தெளிவாக்குகிறது. விறகு சூடேறும்போது அதிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளியேறுகின்றன. நாம் சுவாலை என்று பார்ப்பது அந்த வாயுக்கள் காற்றில் எரிவதைத்தான். வாயுக்கள் தீர்ந்ததும் கரி மட்டும் மிஞ்சுகிறது. கரி வாயுவாக மாறி எரிவதில்லை; அதன் மேற்பரப்பைத் தொடும் ஆக்சிஜனோடு அங்கேயே வினைபுரிந்து, சுவாலையின்றிச் சிவந்து எரிகிறது. திடப்பொருள்கள் ஏறத்தாழ 525 டிகிரி செல்சியசில் கண்ணுக்குத் தெரியும்படி ஒளிரத் தொடங்குகின்றன என்பதை ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அறிவியலாளர் 1847-இல் எழுதினார். ஆகவே மங்கலாகச் சிவந்திருக்கும் ஒரு கங்குகூட அந்த அளவுக்கு மேல் சூடானது. ஊதும்போது அது பளிச்சென்று ஆவதற்குக் காரணம், மூச்சுக்காற்று மேலிருந்த சாம்பலை விலக்கிப் புதிய ஆக்சிஜனைக் கொண்டு சேர்ப்பதுதான். ஆங்கிலத்தில் எம்பர் என்ற சொல்லோடு குளோ என்ற வினையே பெரும்பாலும் சேர்ந்துவருவதன் காரணமும் இதில் இருக்கிறது. கங்கு கொழுந்துவிட்டு எரிவதில்லை, ஒளிர்கிறது.

இனி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆகையால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இது ஏறத்தாழ ஆமெர்யெ என்பதுபோல ஒலித்தது. ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இதற்கு உறவான சொல் எய்மிர்யா. இரண்டையும் கவனித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: எதிலும் இன்றைய எம்பரில் உள்ள ப என்ற எழுத்தொலி இல்லை. இடைக்கால ஆங்கிலத்திலும் எமெர் என்ற வடிவமே இருந்தது. ப-ஒலி பிறகு வந்து நுழைந்தது. ஏன் நுழைந்தது என்பதை உங்கள் வாயாலேயே சோதித்துப் பார்க்கலாம். எமர் என்ற சொல்லை விரைவாக, நடுவில் உள்ள உயிரை விழுங்கி, எம்ர் என்று நாலைந்து முறை சொல்லுங்கள். ம-ஒலிக்காக மூடியிருந்த உதடுகள் ர-ஒலிக்காகத் திறக்கும் நொடியில், மூக்கு வழியே போய்க்கொண்டிருந்த காற்று வாய் வழியே திரும்ப, ப-ஒலி ஒன்று தானாகவே வெடித்து வரும். பல தலைமுறை மக்கள் அப்படியே சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுத்திலும் அதைச் சேர்த்துவிட்டார்கள்.

இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்ததன்று. எண்ணைக் குறிக்கும் நம்பர் என்ற சொல்லின் மூலமான லத்தீன் நூமெருஸில் ப-ஒலி இல்லை. அறையைக் குறிக்கும் சேம்பர் என்ற சொல்லின் மூலம் காமெரா. அதே காமெராதான் இன்று நம் கையில் படமெடுக்கும் கருவியின் பெயராகவும் இருக்கிறது. பணிவைக் குறிக்கும் ஹம்பிள், நடுக்கத்தைக் குறிக்கும் டிரெம்பிள், நினைவுகூர்வதைக் குறிக்கும் ரிமெம்பர் ஆகியவற்றிலும் ம-ஒலியை அடுத்து வரும் ப-ஒலி இடையில் புகுந்ததே. தையல்காரர்கள் விரலில் மாட்டும் திம்பிள் என்ற சிறு உறையின் பெயரும் இப்படித்தான் உருவானது. மாணவர்களிடம் இந்த வரிசையைச் சொல்லும்போது எம்பர் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டு அவர்களுக்கு மறப்பதேயில்லை. ம-வும் ப-வும் சேர்ந்து வருவது தமிழருக்கு இயல்பான ஒலிச்சேர்க்கை என்பதால் உச்சரிப்பிலும் சிக்கல் இல்லை. கம்பு, தம்பி என்று சொல்லும்போது ப எப்படி ஒலிக்கிறதோ அப்படியே எம்பரிலும் ஒலிக்க வேண்டும். முதலில் வருவது குறில் எகரம். அதன் மேல்தான் அழுத்தம் விழ வேண்டும். கடைசி ரகரத்தைப் பிரிட்டானியர் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள்.

இன்னும் பின்னோக்கிப் போனால் இந்தச் சொல்லின் வேரில் எரித்தல் என்ற பொருளுடைய மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய அடி ஒன்று இருப்பதாகச் சொல்லாராய்ச்சியாளர்கள் கொள்கிறார்கள். லத்தீனில் எரி என்று பொருள்படும் ஊரெரெ என்ற வினை அந்த அடியிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் அதே அடியிலிருந்து வந்த சொல் உஷ்ணம். சித்திரை வெயிலில் நாம் நாளும் சொல்லிப் புலம்பும் உஷ்ணமும், ஆங்கிலேயர் குளிர்காலத்தில் கணப்புக்கு முன் அமர்ந்து பார்க்கும் எம்பரும் தூரத்து உறவினர் என்பதை முதன்முதலில் அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. எரிதலைக் குறிக்கும் கம்பஸ்சன் என்ற அறிவியல் சொல்லும் இதே குடும்பம்தான். வியப்பு என்னவென்றால், அதிலுள்ள ப-ஒலியும் மூலத்தில் இல்லாதது. சுற்றிலும் எரிப்பது என்ற பொருளில் அம்பி, ஊரெரெ ஆகிய இரண்டும் சேர்ந்து உண்டான அம்பூரெரெ என்ற லத்தீன் சொல்லைத் தவறான இடத்தில் பிரித்து, பூரெரெ என்று ஒரு வினை இருப்பதாக எண்ணிக்கொண்டதால் வந்தது அது. ஒரே வேரிலிருந்து வந்த இரு சொற்கள் வெவ்வேறு வழிகளில் அதே ஒலியைப் பெற்றிருக்கின்றன.

ஒரு சிறு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்க மரபில் ஆண்டுக்கு நான்கு முறை, புதன், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் நோன்பிருக்கும் வழக்கத்தை ஆங்கிலத்தில் எம்பர் டேஸ் என்பார்கள். அதற்கும் நெருப்புக்கும் தொடர்பில்லை. சுற்றிவருதல் என்ற பொருளுள்ள வேறொரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது அது. பழைய நூல்களில் அந்தத் தொடரைக் கண்டால் கங்கு நாள்கள் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். முதலாவதாக, இந்தச் சொல் பெரும்பாலும் பன்மையிலேயே வரும். அடுப்பில் கிடக்கும் தணல் முழுவதையும் குறிக்க எம்பர்ஸ் என்றே எழுத வேண்டும்; ஒரே ஒரு துண்டை, இடுக்கியில் பிடித்திருக்கும் அந்த ஒரு கங்கைக் குறிக்கும்போதுதான் ஆன் எம்பர் என்ற ஒருமை பொருந்தும். தமிழில் தணல் என்பதை நாம் தண்ணீர், மணல் போலத் திரளாகக் கருதி ஒருமையிலேயே சொல்லிவிடுவதால், தி எம்பர் இஸ் ஹாட் என்று அடுப்பு முழுவதையும் பற்றி எழுதுகிற பழக்கம் நம்மிடம் வந்துவிடுகிறது. தி எம்பர்ஸ் ஆர் ஸ்டில் ஹாட் என்பதே ஆங்கில வழக்கு. கங்கு என்ற சொல்லைத் துண்டுக்கும் தணல் என்ற சொல்லைத் திரளுக்கும் மனத்தில் ஒதுக்கிக்கொண்டால் ஒருமை பன்மைக் குழப்பம் நீங்கும். என் வகுப்பில் இது நன்றாகவே பலன் தந்திருக்கிறது.

அடுத்தது, அதனோடு சேரும் அடைமொழிகள். குளோயிங் எம்பர்ஸ் என்றால் சிவந்து ஒளிரும் தணல். டையிங் எம்பர்ஸ் என்றால் அணைந்துகொண்டிருக்கும் தணல். இதைச் சாகும் தணல் என்று எழுதுவது தமிழாகாது. அடங்கிவரும் தணல் என்றோ, அவியப்போகும் தணல் என்றோ எழுதலாம். ஸ்மோல்டரிங் எம்பர்ஸ் என்றால் புகைந்துகொண்டிருக்கும் தணல். ஸ்மோல்டர் என்ற வினையைப் புரிந்துகொள்ளச் சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கரிமூட்டத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண்ணைப் பூசி மூடி, உள்ளே தீ வைத்தால், காற்று போதாமல் சுவாலையின்றி நாள்கணக்கில் கமுக்கமாகப் புகைந்து கரியாகிறதே, அந்த எரிதலே ஸ்மோல்டர். சாலையோரத்தில் அந்தக் குவியலின் சிறு துளைகளிலிருந்து வெள்ளைப் புகை கசிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வினையை எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதில் ஐயம் வராது.

வினைச்சொற்களில் ஃபேன், ரேக், பேங்க் ஆகிய மூன்றை அறிந்துகொள்வது போதும். ஃபேன் தி எம்பர்ஸ் என்றால் தணலை விசிறிக் கிளப்புவது. ரேக் என்றால் கிளறிப் பரப்புவது. பேங்க் என்பதில்தான் கவனம் தேவை. கொடுக்கல் வாங்கலுக்குப் பேர்போன செட்டிநாட்டில் பேங்க் என்றதும் வங்கி தவிர வேறெதுவும் நினைவுக்கு வராது. ஆனால் நெருப்பைப் பற்றிப் பேசும்போது, தணலைக் குவித்துச் சாம்பலால் மூடி, நெடுநேரம் அணையாமல் காப்பது என்பது அதன் பொருள். தீப்பெட்டியை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில் நம் ஆச்சிமார் ஒவ்வோர் இரவும் இதைச் செய்தார்கள். அடுப்பைக் கூட்டி, கங்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, மேலே சாம்பலைப் போர்த்திவிட்டுப் படுப்பார்கள். விடியற்காலையில் சாம்பலை விலக்கி, நாலு சுள்ளியை வைத்து, ஊதுகுழலால் ஊதினால் அடுப்பு பற்றிக்கொள்ளும். அப்படி மீண்டும் பற்றவைப்பதற்கு ரீகிண்டில் என்ற வினை இருக்கிறது.

இரவில் தணலை மூடும் இந்தப் பழக்கம் ஐரோப்பாவிலும் இருந்தது. அங்கே அது ஒரு சட்டமாகவே ஆனது. இடைக்கால ஊர்களில் இரவில் குறித்த நேரத்தில் மணி அடித்தால் எல்லோரும் அடுப்பை மூடிவிட வேண்டும். பழைய பிரெஞ்சில் நெருப்பை மூடு என்று பொருள்படும் தொடரிலிருந்துதான் கர்ஃபியூ என்ற சொல் வந்தது. இன்று நாம் ஊரடங்கு என்று மொழிபெயர்க்கும் அந்தச் சொல்லுக்குள், சாம்பல் போர்த்திய ஓர் அடுப்பு இருக்கிறது. மரவீடுகள் நெருக்கமாக நின்ற ஊர்களில் அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தேவையும் இருந்தது. 1666 செப்டம்பர் 2-ஆம் நாள் விடிவதற்கு முன் லண்டனில் புட்டிங் லேன் என்ற தெருவில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக்கடையில் தொடங்கிய தீ, நான்கு நாள் எரிந்து, 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளையும் 87 தேவாலயங்களையும் அழித்தது. அடுப்பை முறையாக அணைத்துவிட்டுத்தான் படுத்ததாக அவர் பின்னர் உறுதி கூறினார். அவ்வளவு பெரிய தீயை எம்பர் என்ற சொல்லாலோ ஃபிளேம் என்ற சொல்லாலோ குறிக்க முடியாது. ஊரையே விழுங்கும் பெருந்தீக்குக் கான்ஃபிளக்ரேசன் என்ற தனிச்சொல் உண்டு.

முன்னிடைச்சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் வெளிநாட்டு விருந்தினருக்காக உணவுப் பட்டியல் எழுதுகிறவர்கள் கவனித்தால் நன்மை உண்டு. சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தணலுக்குள் புதைத்துச் சுடுகிறோம். அதற்கு இன் தி எம்பர்ஸ். கத்தரிக்காயைத் தணலின் மேல் காட்டி வாட்டுகிறோம். அதற்கு ஓவர் எம்பர்ஸ். இரண்டையும் மாற்றி எழுதினால் சமையல் முறையே மாறிவிடும். இரண்டுக்கும் பொதுவாக ஃபயரில் சுட்டது என்று எழுதினால், படிக்கிறவர் சுவாலையில் கருகிய ஒன்றை எதிர்பார்ப்பார். தணலின் சூடு நின்று நிதானமாக இறங்குவது. சுவாலையின் சூடு தாவி அலைவது. சமைக்கத் தெரிந்தவர்கள் எதை எதில் வைப்பது என்று இதைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். பாலைக் காய்ச்சி முடித்தபின் கங்கின் மேல் ஏற்றிவைத்தால் பொங்காமல், ஆடை தடித்து, நிறம் மாறி இருக்கும். அந்தச் சூட்டைச் சொல்ல ஆங்கிலத்தில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

இன்னோர் இடத்திலும் இந்தச் சொல் நமக்குத் தேவைப்படுகிறது. மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள், பக்தர்கள் ஃபயரில் நடந்தார்கள் என்றோ, ஃபிளேம்ஸில் நடந்தார்கள் என்றோ எழுதுவதைப் பார்க்கிறேன். பூக்குழி வளர்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விறகைக் குழியில் அடுக்கிக் கொளுத்தி, சுவாலை முழுவதும் அடங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருந்து, பிறகு நீண்ட கம்புகளால் தணலைத் தட்டிப் பரப்பிச் சமன் செய்த பின்னர்தான் இறங்குகிறார்கள். ஆகவே, பரப்பிய தணலின் மீது நடந்தார்கள் என்ற பொருளில், எ பெட் ஆஃப் எம்பர்ஸ் என்ற தொடரைப் பயன்படுத்த வேண்டும். கோல்ஸ் என்றும் எழுதலாம், அதுவும் வழக்கில் உள்ளது. நம் மக்கள் அந்தத் தணலைப் பூ என்கிறார்கள். நெருப்பின் மேல் சாம்பல் படர்வதையும் நீறு பூத்தல் என்கிறார்கள். கங்கைப் பார்த்த தமிழ்க் கண்ணுக்கு அது பூவாகத் தெரிந்திருக்கிறது. இந்த அழகை ஆங்கிலத்தில் கொண்டுவர எம்பர் என்ற சொல்லால் முடியாது. பூக்குழி என்ற சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, அதன் பொருளை ஒரு வரியில் விளக்குவதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

இதற்கு மாறாக, நகரத்தாரின் பிள்ளையார் நோன்பைப் பற்றி எழுதும்போது எம்பர் என்ற சொல் வரவே கூடாது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாளில், 21 நூலிழைகளைச் சேர்த்துத் திரித்த திரியை இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதை இழை எடுத்துக்கொள்வது என்பார்கள். அங்கே இருப்பது சுடர். ஆகையால் ஃபிளேம்தான் சரி. பூக்குழிக்கு ஒரு சொல், இழைக்கு ஒரு சொல் என்று பிரித்துக் காட்டினாலே நம் ஊர்ப் பிள்ளைகள் இவ்விரண்டையும் ஒருநாளும் மாற்றி எழுத மாட்டார்கள்.

உருவகமாகப் பயன்படுத்தும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். எம்பர்ஸ் ஆஃப் என்று தொடங்கி அன்பு, பகை, நம்பிக்கை, கிளர்ச்சி போன்ற எதையும் அதன்பின் சேர்க்கலாம். பழைய அன்பின் எஞ்சிய தணல், அடங்கிய கிளர்ச்சியின் மிச்சம் என்று பொருள் வரும். இதைத் தமிழாக்கும்போது நம்மவர்கள் கை உடனே நீறு பூத்த நெருப்பு என்ற தொடரை நோக்கிப் போகிறது. இரண்டிலும் சாம்பலும் கங்கும் இருக்கின்றன, ஆனால் பார்வை வேறு. நீறு பூத்த நெருப்பு என்று சொல்லும்போது, வெளியே அடங்கியிருப்பதுபோலத் தோன்றினாலும் உள்ளே சூடு குறையவில்லை, தொட்டால் சுடும் என்று எச்சரிக்கிறோம். ஆங்கிலத்தில் எம்பர்ஸ் என்று சொல்லும்போது, ஒரு காலத்தில் ஓங்கி எரிந்தது இப்போது இவ்வளவுதான் மிச்சம் என்ற குறைவே முதலில் மனத்தில் படுகிறது. மீண்டும் பற்றக்கூடும் என்பதைச் சொல்ல ஃபேன், ரீகிண்டில் போன்ற ஒரு வினையைக் கூடச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எனவே டையிங் எம்பர்ஸ் ஆஃப் ஹோப் என்பதை நீறு பூத்த நம்பிக்கை என்று மொழிபெயர்த்தால், அவிந்துவரும் நம்பிக்கையைக் கனன்றுகொண்டிருக்கும் நம்பிக்கையாக மாற்றிவிடுகிறோம். மறுபக்கம், இரு குடும்பங்களுக்கு இடையே வெளிக்குத் தெரியாமல் இருக்கும் பகையை ஆங்கிலத்தில் சொல்ல எம்பர்ஸ் என்பது மட்டும் போதாது. ஸ்மோல்டரிங் என்ற அடைமொழி அங்கே கட்டாயம் வேண்டும்.

இன்னொரு மயக்கம்: பகையை விசிறிவிடுவதும், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதும் ஒன்றல்ல. முன்னது அடங்கியதைக் கிளப்புவது. பின்னது ஏற்கெனவே ஓங்கி எரிவதை மேலும் ஓங்கச் செய்வது. முன்னதற்கு மட்டுமே எம்பர்ஸ் பொருந்தும்.

ஒலியால் வரும் குழப்பங்களில் முதன்மையானது ஆம்பர். அது மரப்பிசின் பல கோடி ஆண்டுகளில் இறுகிக் கல்லான பொருள். அதன் தேன்மஞ்சள் நிறத்துக்கும், சாலைச் சந்திப்பு விளக்கில் நடுவில் எரியும் நிறத்துக்கும் அதுவே பெயர். திமிங்கிலத்திடமிருந்து கிடைக்கும் நறுமணப் பொருளைக் குறித்த அன்பர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கங்கின் நிறமும் அதற்கு நெருக்கமாக இருப்பதால் இரண்டும் ஒரே சொல்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். முதலெழுத்தும் வேறு, பிறந்த இடமும் வேறு.

பொருளால் வரும் குழப்பத்துக்குச் சிண்டர் ஓர் எடுத்துக்காட்டு. எரிந்து தணிந்தபின் மிஞ்சும் கரிந்த கட்டி அது. சூடு இருக்கலாம், ஒளி இருக்க வேண்டியதில்லை. கொல்லன் உலையிலிருந்து கழித்துக் கொட்டும் கிட்டங்களை நினைத்துக்கொள்ளலாம். கொள்ளிக்கட்டைக்கு ஃபயர்பிராண்ட் என்ற சொல் இருக்கிறது. ஒரு முனையில் எரிந்துகொண்டிருக்கும் விறகு. கூட்டத்தைக் கொதிக்க வைக்கும் பேச்சாளரையும் ஆங்கிலத்தில் அப்படியே சொல்வார்கள். பிராண்ட் என்ற பகுதிக்குப் பழைய ஆங்கிலத்தில் நெருப்பு, எரியும் கட்டை என்றுதான் பொருள். காய்ச்சிய இரும்பால் மாட்டுக்கும் பெட்டிக்கும் சூட்டுக்குறி இடுவதற்கு அந்தப் பெயர் வந்து, அங்கிருந்து வணிகக் குறிக்கு வந்து, இன்று கடைவீதியில் எந்தச் சாமானை எடுத்தாலும் அதன் பிராண்ட் என்ன என்று கேட்கிறோம்.

செய்தித்தாள்களில் எம்பர் என்ற சொல்லைக் காணும் இடம் பெரும்பாலும் காட்டுத்தீ பற்றிய செய்தியாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் எம்பர் அட்டாக் என்ற தொடர் தீயணைப்புத் துறையினரின் அன்றாடப் பேச்சில் உள்ளது. தீ வந்து சேர்வதற்கு முன்பே, காற்றில் அடித்துவரப்படும் கங்குகள் கூரைச் சந்துகளிலும் சருகு நிறைந்த மழைநீர்க் கால்வாய்களிலும் விழுந்து வீடுகளைப் பற்றவைப்பதை அது குறிக்கிறது. தீப்பொறித் தாக்குதல் என்று அதை மொழிபெயர்த்தால் தெறித்தவுடன் அவிந்துபோகும் பொறி என்ற எண்ணம் வந்துவிடும். நெடுந்தூரம் பறந்து விழுந்த பின்னும் உள்ளே சூடு அடங்காத மரப்பட்டைத் துண்டுகள் அவை. பறக்கும் கங்குகள் என்று எழுதுவது பொருத்தமாக இருக்கும். நம் பக்கத்தில் வைக்கோல் படப்பு எரிந்த செய்தியை ஆங்கிலத்தில் எழுதும்போதும் இந்தச் சொல் உதவும். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்துச் சுவாலையை அணைத்த பிறகும், படப்பின் உள்ளே கங்கு கிடந்து மறுநாள் மீண்டும் பற்றுவது உண்டு. ஆகவே வீரர்கள் படப்பைப் பிரித்துப் போட்டு நனைக்கிறார்கள். அந்த வேலையைச் சொல்ல, ஃபயரை அணைத்தார்கள் என்பதை மறுபடியும் எழுதாமல், எம்பர்ஸை நனைத்து அணைத்தார்கள் என்ற பொருளில் டவுஸ் என்ற வினையைச் சேர்த்து எழுத வேண்டும்.

பயிற்சிக்கு நான் மாணவர்களிடம் கொடுக்கும் வேலை எளியது. வீட்டிலோ, தெருமுனையில் கரிப்பெட்டியால் துணி தேய்ப்பவரிடமோ, திருமண வீட்டுக் கோட்டையடுப்பிலோ கங்கைக் கண்டால், சில நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்து, பார்த்ததை ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்களில் எழுதச் சொல்கிறேன். சுவாலை இருக்கும் வாக்கியம் ஒன்று, எம்பர்ஸ் ஒளிரும் வாக்கியம் ஒன்று, யாரோ அதை ஊதும் அல்லது கிளறும் வாக்கியம் ஒன்று, தனி ஒரு கங்கைக் காட்டும் ஒருமை வாக்கியம் ஒன்று, சாம்பலில் முடியும் வாக்கியம் ஒன்று. எழுதியதைத் தமிழில் மாற்றும்போது நெருப்பு என்ற பொதுச்சொல்லை ஓர் இடத்திலும் எழுதக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. சென்ற பருவத்தில் பள்ளத்தூரிலிருந்து வரும் ஒரு மாணவி, தூபக்காலில் கிடந்த கடைசிக் கங்கைப் பற்றி எழுதியிருந்தாள். அதில் ஆன் எம்பர் என்ற ஒருமை மிகச் சரியான இடத்தில் வந்திருந்தது. தமிழில் அவள் கங்கு என்றும், அதற்கு முந்தைய வரியில் அடுப்பிலிருந்ததைத் தணல் என்றும் எழுதியிருந்தாள்.